மல்லாந்த நீச்சலும் பித்தளைக் குடமும்

மட்டக்களப்பு வாவியில் ஒருமுறை சர்வதேச நீச்சற்போட்டி நடந்தது என்று நான் சொன்னால் என் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு வயது போய்விட்டது என்பது அந்தப் பார்வையின் பொருள். ஆனால் நடந்தது உண்மை. இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன்னால், கல்லடிப் பாலத்தில் வண்டிகள் ஓடத் தொடங்கிச் சில வருஷங்களான காலம். எனக்கு ஒன்பது வயது. அந்தப் போட்டியில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சர்வதேசம் எங்கள் ஊருக்கு வந்ததற்குக் காரணம் ஒரு கப்பல் பழுதானது. அவுஸ்திரேலியாவிலிருந்து சீமைக்கு ஏதோ பெரிய போட்டிக்காகப் போய்க்கொண்டிருந்த நீச்சற்காரப் பெண்கள் மூன்று பேர் அதில் இருந்தார்கள். இரண்டு பேர் அவுஸ்திரேலியாக்காரிகள், மற்றவள் நியூசிலாந்துக்காரி. கப்பல் திருகோணமலையில் பத்துப் பன்னிரண்டு நாள் நிற்க வேண்டி வந்தது. சும்மா இருந்தால் கைகால் மரத்துப்போகும் என்று எங்கள் ஊர்த் துரைசானி ஒருத்தி அவர்களைத் தன் பங்களாவுக்கு விருந்தாளிகளாக அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். மூன்று பேரும் மல்லாந்து நீந்துவதில் பேர் போனவர்களாம். அவர்களை வாவியில் இறக்கி ஒரு போட்டி வைத்தால் என்ன என்று துரைசானிக்குத் தோன்றியது. தன் நாத்தனாரையும் சேர்த்துக்கொண்டாள். பட்டணத்துப் பறங்கிப் பெண் ஒருத்தியும் சேர்ந்தாள். ஒரு தமிழ்ப் பெண்ணும் இறங்கினால் நோட்டீசில் சர்வதேசம் என்றே போட்டுவிடலாம் என்றார்கள். வந்தவர்கள், இருந்தவர்கள் எல்லாருமே அப்போது ஒரே ராசாவின் குடிகள்தான் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அந்தத் தமிழ்ப் பெண் எங்கள் சின்னம்மா.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் காலமாகியிருந்தார்கள். கல்லடியில் வாவியோரத்து வீட்டில் அம்மா, அப்பா, சின்னம்மா, நான் என்று நான்கு பேர்தான் இருந்தோம். எனக்கும் சின்னம்மாவுக்கும் ஒரே பாய், ஒரே தலையணை. காலையில் நான் கண் விழிக்கும்போது அவள் எழும்பிப் போயிருந்தால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் தீர அவளே வந்து தலைவாரிவிட வேண்டும். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப்பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். படிப்பித்த பிள்ளைகள் எல்லாரும் அவளைத் தங்கள் சொத்தாக நினைத்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடிக்காத இன்னொரு விஷயம்.

எங்கள் வளவுக்கு நேரெதிரே வாவிக்குள் ஒரு மண் திட்டு இருந்தது. எங்கள் ஆடுகள் அதில்தான் மேய்ந்தன. ஆடு பார்க்கப் போகத் தோணி வேண்டுமென்றால் தோணி வலிக்க ஓர் ஆண்பிள்ளையும் வேண்டும். அதற்கெல்லாம் காத்திருக்கப் பொறுமையில்லாத எங்கள் பக்கத்துப் பெண்கள் மாற்றுத்துணியை மூட்டையாகக் கட்டி, நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு மல்லாந்து நீந்திப் போவார்கள். மூட்டை நனையாமல் போய்ச் சேர வேண்டும். அதுதான் கெட்டித்தனம். சின்னம்மாவின் மூட்டையில் ஒரு துளி ஈரம் பட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் மல்லாந்து நீந்துகிறவளுக்குத் தான் போகிற இடம் தெரியாது. திட்டைச் சுற்றி மீனுக்காக நட்ட கம்புகள் தண்ணீருக்குள் மறைந்து நின்றன. அதில் போய் மோதினால் முதுகு கிழியும். ஆகவே கரையில் இரண்டு அடையாளம் வைத்துக்கொள்வார்கள். பின்னால் ஒரு மரம், அதற்கு நேர் முன்னால் தண்ணீரோரத்தில் ஓர் ஆள். ஆளின் தலையில் ஒரு பித்தளைக் குடம். எங்கள் கரை மேற்குப் பார்த்தது. பின்னேர வெயில் பட்டால் குடம் எவ்வளவு தூரத்துக்கும் மின்னும். குடத்தையும் மரத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டு நீந்தினால் பாதை நேர். குடம் மரத்தை விட்டு விலகித் தெரிந்தால், தான் கோணிப் போய்விட்டதாக அறிந்து, இரண்டும் மறுபடி ஒன்றாகும்வரை அவள் தன்னைத் திருத்திக்கொள்வாள். எங்கள் வீட்டில் மரம், வளவின் கோணல் தென்னை. ஆள், நான்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பெரிய மிஸ் பாலத்தில் உலாவப் போனபோது சின்னம்மா மூட்டையோடு திட்டுக்குப் போவதைக் கண்டாள். வெள்ளைக்காரிக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. அடுத்த நாளே எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அரைகுறைத் தமிழில் விஷயத்தைச் சொன்னாள். மதராசில் பெண்களுக்குத் தேகாப்பியாசம் படிப்பிக்கப் பழக்குகிற ஒரு கல்லூரி இருக்கிறது. இரண்டு வருஷப் படிப்பு. இந்தப் போட்டியில் சின்னம்மா முதல் மூன்று பேருக்குள் வந்தால் அங்கே அனுப்பத் தன்னால் ஏற்பாடு செய்ய முடியும். படித்து முடித்து வந்தால் பள்ளிக்கூடத்தில் நிரந்தர உத்தியோகம். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுருட்டுப் பற்றவைத்தார். மனைவியின் வீட்டில் குடியிருக்கிற மனிதர், அபிப்பிராயம் சொல்ல வேண்டிய நேரங்களில் எல்லாம் அவர் சுருட்டுத்தான் பற்றவைப்பார்.

சொல்ல வேண்டியவர் மாமா. அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்த அண்ணன். நாவற்குடாவில் தன் மனைவி வீட்டில் இருந்துகொண்டே எங்கள் வீட்டை ஆண்டவர். சின்னம்மாவுக்கு அவர் ஏற்கெனவே மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். அக்கரையில் வட்டை என்கிற வயல்வெளிகள் இரண்டில் காணியும், பட்டி நிறைய மாடும் உள்ளவர். இந்த நேரத்தில் தங்கை ஊருக்கு நடுவே தண்ணீரில் மல்லாந்து காட்டப் போகிறாள் என்று கேட்டதும் மாமா குடையை மடக்கக்கூட மறந்து வாசலுக்குள் வந்தார். இரண்டு நாள் சத்தம் போட்டார். பெரிய மிஸ் இரண்டு தரம் வந்து போனாள். மாமாவின் மகள்மார் படித்ததும் அவளுடைய பள்ளிக்கூடத்தில்தான். மூன்றாம் நாள் அவர் தீர்ப்புச் சொன்னார்.

"மூண்டு பேருக்குள்ள வந்தா மதராசுக்குப் போகட்டும். வராட்டி ஆவணியில தாலி. மறுகா ஆரும் என்னோட கதைக்க வரப்படா."

"ஓம் அண்ணன்," என்றாள் சின்னம்மா. அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அன்று அவள் கால் நிலத்தில் பாவவில்லை. குசினிக்கும் கிணற்றடிக்குமாக ஒரு காரணமுமில்லாமல் நடந்துகொண்டிருந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். மதராஸ் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம் என்றாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தால் கடல். அன்று பின்னேரம் நான் தனியே போய் நின்று பார்த்தேன். அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

பழக்கம் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சின்னம்மா தண்ணீரில் இறங்குவாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு கரையில் நிற்பேன். முதல் நாள் பாதித் தூரம் போனவள் தடுமாறித் திரும்பி வந்துவிட்டாள். மூட்டை இல்லாததுதான் காரணம். "நெஞ்சில ஒண்டும் இல்லாம நீந்தினா உடுப்பில்லாம போற மாதிரி இருக்கு," என்று அம்மாவிடம் சொன்னாள். போட்டியிலும் ஒரு சின்ன மூட்டையை வைத்துக்கொள்ளலாமா என்று பெரிய மிஸ்ஸிடம் கேட்டனுப்பினாள். வேண்டாம் என்று பதில் வந்தது. பிறகு மூட்டை இல்லாமலே பழகிக்கொண்டாள். ஆனாலும் அவள் நீந்துகிற விதம் மாறவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூட்டை நனைந்துவிடக் கூடாது என்பதுபோல நெஞ்சை அசைக்காமல், இரண்டு கைகளையும் ஒன்றாக வீசி, சத்தமே போடாமல் போவாள்.

உடுப்பு இன்னொரு தலையிடி. மாமாவுக்கும் பெரிய மிஸ்ஸுக்கும் நடுவே அகப்பட்டு அம்மா ஓர் உடுப்புத் தைத்தாள். கழுத்து மூடி, முழங்கை மூடி, முழங்கால் மூடி, நீலத் துணியில். மாமா பார்த்துவிட்டு இன்னும் நாலு விரற்கடை நீளம் கூட்டச் சொன்னார். பெரிய மிஸ் பார்த்துவிட்டு நாலு விரற்கடை குறைக்கச் சொன்னாள். அம்மா இரண்டையும் செய்ததில், உடுப்பு முதலில் இருந்த இடத்துக்கே வந்து நின்றது.

போட்டிக்கு முதல்நாள் காலையில் அம்மா என் கையில் ஒரு தேங்காயைக் கொடுத்துப் பிள்ளையாரிடம் அனுப்பினாள். சின்னப்பிள்ளை கேட்டால் பிள்ளையார் மறுக்கமாட்டாராம். நான் சந்நிதியில் நின்றேன். சின்னம்மா வெல்ல வேண்டும் என்று கேட்டேன். கேட்ட உடனே கடலுக்கு அந்தப் பக்கம் ஞாபகம் வந்தது. சின்னம்மா எங்கேயும் போகக் கூடாது என்றும் கேட்டேன். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் என்ன ஆகும் என்று பயம் பிடித்துக்கொண்டது. ஐயர் தேங்காயை உடைத்துவிட்டார். உடைத்த தேங்காயைத் திரும்ப வாங்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் அம்மா என்ன கேட்டாய் என்றாள். வெல்ல வேண்டும் என்று கேட்டேன் என்றேன். அது பொய்யில்லை. ஆனாலும் பொய் சொன்னதுபோல இருந்தது.

போட்டி எங்கள் வளவுக்கு முன்னாலேயே நடந்தது. துரைசானியின் பங்களா பக்கத்துக் கரை சேறு, எங்கள் கரை மணல் என்பதால் அப்படி முடிவானது. கரையிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் இரண்டு தோணிகளை நங்கூரமிட்டு, இரண்டிலும் கொடி நட்டார்கள். இரண்டு தோணிகளுக்கும் நடுவால் போய் முடிக்க வேண்டும். வெளியால் போனால் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி நடுவால் போக வேண்டும். பின்னேரம் நாலு மணி. காலையிலிருந்தே கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. எங்களுக்கு இடப்பக்கமான நாவற்குடாவிலிருந்து வலப்பக்கமான பாலத்தை நோக்கி வாவி முழுவதும் அலை ஓடியது. அம்மா வானத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், பிள்ளையாரைக் கூப்பிட்டாள்.

கரையில் அவ்வளவு சனத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காத்தான்குடியிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பாலத்தில் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. பெண்கள் உடுப்பு மாற்றத் தண்ணீரோரத்தில் கிடுகால் ஒரு மறைப்புக் கட்டியிருந்தார்கள். மாமா குடையோடு வந்து, எனக்குக் கொஞ்சம் தள்ளி, கொலைக்களத்தைப் பார்க்க வந்தவர்போல நின்றார்.

சின்னம்மா மறைப்பிலிருந்து துணியைப் போர்த்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். கோணல் தென்னைக்கு நேர் முன்னால், ஈர மணலில் என்னை நிறுத்தினாள். குனிந்து என் இரண்டு காலையும் கையால் பிடித்து அழுத்தி வைத்தாள். இரண்டு மட்டி ஓடுகளைப் பொறுக்கி என் கால்களுக்கு வெளிப்பக்கம் ஒவ்வொன்றாகக் குத்தினாள். குடத்தைத் தன் கையாலேயே என் தலையில் வைத்தாள். அவளுடைய விரல்கள் குளிர்ந்திருந்தன.

"இஞ்ச பாரு மகள். நான் உன்னத்தான் பாத்துக்கொண்டு போவன். வேற ஒண்டையும் பாக்கமாட்டன். ஆர் கூப்பிட்டாலும் அசையப்படா."

ஓம் என்று தலையாட்ட முடியவில்லை. தலையில் குடம். அசையமாட்டேன் என்று வாயால் சொன்னேன்.

துவக்கு வெடித்தது. ஆறு பேரும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மல்லாந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்களின் கைகள் செக்குச் சுற்றுவதுபோலச் சுற்றின. எத்தனை வேகம்! இரண்டு மூச்சுக்குள் அவர்கள் மூவரும் சின்னம்மாவை விட்டு எங்கேயோ போய்விட்டார்கள். என் நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் குடம் கிண் கிண் என்று ஒலிப்பதாக எனக்குத் தோன்றியது. பறங்கிப் பெண் ஆரம்பத்திலேயே அலையைக் குடித்துவிட்டு, காவலுக்கு நின்ற வள்ளத்தைப் பிடித்துக்கொண்டாள். துரைசானியின் நாத்தனார் நல்ல சரீரம். அவள் அவசரமே இல்லாமல், எருமை குளத்தில் கிடக்கிற சுகத்தோடு போய்க்கொண்டிருந்தாள்.

பாதி வழியில்தான் அதிசயம் நடந்தது. சீமைப் பெண்கள் நீந்திப் பழகியது சுவர் கட்டின தொட்டியில். அங்கே காற்றும் இல்லை, அலையும் இல்லை. இங்கே காற்று அவர்களைப் பாலத்துப் பக்கம் தள்ளியது தெரியாமல் அவர்கள் கையைச் சுற்றிக்கொண்டேயிருந்தார்கள். அவுஸ்திரேலியாக்காரி ஒருத்தி பாலத்துக்கே போய்விடுவாள் போலிருந்தது. மற்றவள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து வழி திருத்தியதில் வேகம் போனது. நியூசிலாந்துக்காரி மட்டும் எப்படியோ நேராகப் போனாள். அவளுக்கு அடுத்தபடியாக, சத்தமில்லாமல், நெஞ்சு நனையாமல், எங்கள் சின்னம்மா.

கரையில் எழும்பிய கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமாகூட ஓர் அடி முன்னால் வந்தார். காலில் ஏதோ எறும்பு கடித்தது. கழுத்து முறிந்துவிடும்போல வலித்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. நான் அசையவில்லை. இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதன் பிறகு நடந்ததற்கு எறும்பையோ வெயிலையோ நான் குற்றம் சொல்ல முடியாது.

வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். சின்னம்மாவின் தலை தோணிகளுக்கு நடுவே நேராக இல்லை. கொஞ்சம் நாவற்குடாப் பக்கம் சாய்ந்திருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பார்க்க, அவள் இடப்பக்கத் தோணியை நோக்கிக் கோணிப் போவதுபோல் தெரிந்தது. எனக்குத் திக்கென்றது. காற்றுக்கு ஈடுகொடுத்து நேராகப் போக வேண்டுமென்றால் தலையை அப்படிக் காற்றுப் பக்கமாகச் சாய்த்துத்தான் நீந்த வேண்டும் என்பதும், அவள் போய்க்கொண்டிருந்தது ஊசி பிடித்தாற்போல நேராக என்பதும் பின்னாளில் மீன்காரர்களைக் கேட்டு நான் தெரிந்துகொண்டவை. அப்போது தெரிந்தது ஒன்றுதான். அவள் கோணிப் போகிறாள். நான் வலப்பக்கம் நகர்ந்தால், குடத்தைப் பார்த்து அவளும் வலப்பக்கம் திரும்புவாள்.

மூன்று அடி வைத்தேன்.

உதவி செய்யத்தான் வைத்தேன். அப்படித்தான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த மூன்று அடியை வைத்தபோது என் மனதில் கடலுக்கு அந்தப் பக்கமும் இருந்தது. அவள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் மதராசுக்குப் போய்விடுவாள். நான் ஒற்றைத் தலையணையில் தனியே படுப்பேன். முதல் அடியை உதவிக்கென்று வைத்திருக்கலாம். மூன்றாவது அடியைப் பற்றி எனக்கு நிச்சயமில்லை.

கரையில் மூன்று அடி என்பது வாவிக்குள் எத்தனை பாகத் தூரம் ஆகும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? குடம் தென்னையை விட்டு விலகியதும், தான்தான் விலகிவிட்டோம் என்று நம்பி, இரண்டையும் மறுபடி ஒன்றாக்க அவள் பாலத்துப் பக்கம் திரும்பினாள். காற்றும் சேர்ந்துகொண்டது. நல்ல வேகத்தில், ஒரு குறையும் இல்லாமல், வலப்பக்கத் தோணிக்கும் வெளியால் போனாள். தோணிக்காரர்கள் கையை வீசிக் கத்தினார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. அவள் வேறு ஒன்றையும் பார்க்கமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். தோணியைத் தாண்டியும் பத்துப் பாகத் தூரம் போன பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

அங்கிருந்து காற்றை எதிர்த்து அவள் சுற்றிக்கொண்டு வருவதற்குள் நியூசிலாந்துக்காரி முடித்துவிட்டாள். நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்த அவுஸ்திரேலியாக்காரி இரண்டாவது. மூன்றாவதாக, ஒரு மூச்சுக்கூட வாங்காமல், துரைசானியின் நாத்தனார். சின்னம்மா நாலாவது.

நான் உடனே சுற்றிப் பார்த்தேன். கரையில் நின்ற அத்தனை முகமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா, மாமா, பெரிய மிஸ், காத்தான்குடிக்காரர்கள், எல்லாரும். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. நான் நகர்ந்ததைக் கண்டவர் யாருமே இல்லை என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது.

வள்ளத்தில் ஏறாமல், சின்னம்மா நீந்தியே கரைக்கு வந்தாள். இந்த முறை குப்புற நீந்தி வந்தாள். அம்மா துணியை விரித்துக்கொண்டு ஓடினாள். பெரிய மிஸ் அவள் தோளைத் தட்டி ஏதோ சொல்லிவிட்டு, கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். மாமா மட்டும் என் பக்கம் வந்தார். அவர் சிறுவயதில் தோணி வலித்தவர். தென்னையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புள்ள, நீ நிண்ட இடத்திலதானே நிண்டாய்?"

குடம் இன்னும் தலையில் இருந்தது. அதற்குள் சின்னம்மா தண்ணீர் சொட்டச் சொட்ட எங்களுக்கு நடுவே வந்துவிட்டாள். நான் முதலில் நின்ற இடத்தில், இரண்டு மட்டி ஓடுகளுக்கும் பக்கத்தில் வந்து நின்று, காலில் ஒட்டிய சேற்றைத் துடைப்பதற்காக ஈர மணலில் முன்னும் பின்னும் கால்களைத் தேய்த்தாள். மட்டி ஓடுகள் மணலுக்குள் போகும்வரை நெடுநேரம் தேய்த்தாள். எங்கள் கரையில் சேறு கிடையாது என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

"அவ அசையல்ல அண்ணன்," என்றாள். "காத்துத்தான் மாத்திப் போட்டுது."

பிறகு குடத்தை என் தலையிலிருந்து இறக்கினாள். அன்றும் ஒரே பாயில், ஒரே தலையணையில்தான் படுத்தோம். நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவள் கையை எடுக்கச் சொல்லவில்லை.

ஆவணியில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்ல மனிதர். அதிகம் பேசாதவர். எனக்குக் கல்கண்டு வாங்கிக்கொண்டு வந்தார். சின்னம்மா எங்கேயும் போகவில்லை, இந்த வீட்டிலேயே இருக்கப் போகிறாள் என்று நான் துள்ளிக்கொண்டு திரிந்தேன். பிள்ளையார் இரண்டில் ஒன்றையாவது கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். கலியாணம் முடிந்து ஒரு கிழமை ஆனதும் அம்மா பெட்டியில் சாமான் அடுக்கத் தொடங்கினாள். எங்கே போகிறோம் என்று கேட்டேன். வீட்டுக்கு என்றாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டில் வந்து குடியேறுவார். கல்லடி வீடு சின்னம்மாவுக்கென்று எழுதிய வீடு. அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு தெற்கே தேற்றாத்தீவில் இருந்தது. தங்கைக்கு ஒரு வழி பிறக்கும்வரை துணைக்கு இருப்போம் என்றுதான் அம்மாவும் அப்பாவும் கல்லடிக்கு வந்திருந்தார்கள். வந்தபோது நான் கைக்குழந்தை. இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவள் மதராசுக்குப் போயிருந்தால் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு நாங்கள் அங்கேயே இருந்திருப்போம். விடுமுறைக்கு விடுமுறை அவளும் வந்திருப்பாள். இதை நானே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தபோது சாமானெல்லாம் கட்டி முடிந்திருந்தது.

தோணியில் போனோம். சாமான் ஏற்றி முடிய வெயில் சாய்ந்துவிட்டது. நான் வரமாட்டேன் என்று கோணல் தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா சுருட்டுப் பற்றவைத்தார். அம்மா அதட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் அவளும் அழுதாள். சின்னம்மாதான் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையை யாரும் இடுப்பில் தூக்குவதில்லை. தோணியின் கடைசிப் பலகையில், முகம் கரையைப் பார்க்கும்படி என்னைத் திருப்பி உட்கார்த்தினாள். என் முகத்தைத் தன் சேலையால் துடைத்தாள்.

"நீ என்னயே பாத்துக்கொண்டு போ, மகள்," என்றாள். "நான் அசையமாட்டன்."

திரும்பிப் போய், தென்னைக்கு நேர் முன்னால், நான் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றாள். பித்தளைக் குடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். புதுத் தாலியோடு, ஊர் பார்க்க, ஒரு சின்னப்பிள்ளை மாதிரி நின்றாள். மாமா ஏதோ சொன்னார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. தோணி நேரே ஆழத்துக்குப் போனது. குடமும் தென்னையும் ஒன்றின்மேல் ஒன்றாகவே நின்றன. பிறகு தோணிக்காரர் தெற்கே திருப்பினார். தென்னை மெல்ல மெல்ல விலகிப் போயிற்று. குடம் மட்டும் வைத்த இடத்திலேயே மின்னிக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. இவ்வளவு ஆசையாக எனக்காக நிற்கிறாளே என்று நினைத்தேன். போட்டியன்று நான் மூன்று அடி நகர்ந்தது அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தால் இப்படி நிற்பாளா? தெரியாது, நல்ல காலம், இனிமேலும் தெரியப் போவதில்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு, குடம் ஒரு புள்ளியாகும்வரை அவளையே பார்த்துக்கொண்டு போனேன்.